'பார்க்' கதைக்குப் பலகை ரெடி, நம்மூர்ப் பெயர்கள் வேண்டும்

வணக்கம். கும்பகோணம் பக்கத்துக் கிராமப் பள்ளி ஒன்றில் ஆண்டு விழாக் கண்காட்சி. 'பார்க்' என்ற ஆங்கிலச் சொல்லின் கதையை எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பலகையாக வைக்கிறார்கள்.

ஆங்கிலப் பகுதி தயார். பழைய பிரெஞ்சு வழியாக வந்த சொல். முதலில் அது மக்கள் உலாவும் இடமே இல்லை. அரசரும் பிரபுக்களும் வேட்டைக்காக மான் அடைத்து வைத்த வேலியிட்ட நிலம். லண்டன் ஹைட் பார்க்கை எட்டாம் ஹென்றி 1536-ல் எடுத்ததும் வேட்டைக்குத்தான்; முதலாம் சார்லஸ் 1637-ல் மக்களுக்குத் திறந்துவிட்டார். அப்புறம் படைகள் பீரங்கிகளை நிறுத்தும் இடமும் பார்க் ஆனது. மகாமகக் குளத்தருகே நாம் பைக்கை 'பார்க்' பண்ண இடம் தேடுகிறோமே, அது இந்தப் பீரங்கி வழியில் வந்ததுதான். பசங்களுக்கு ஏக குஷி.

மறுபாதிக்கு நம் டெல்டாவின் திறந்தவெளிப் பெயர்கள் வேண்டும். களம், மந்தை, பொட்டல், படுகை எழுதியாயிற்று. திடலில்தான் தகராறு. வயல் நடுவே தண்ணீர் ஏறாத மேடுதான் திடல் என்கிறார் ஒரு பெரியவர். பிள்ளைகளோ தஞ்சை திலகர் திடலைக் காட்டி, கூட்டம் போடும் மைதானம் என்கிறார்கள்.

உங்கள் ஊரில் எதைத் திடல் என்பீர்கள்? சம்பா நெல் காயப்போடும் இடத்துக்கு, மாடு கூடும் இடத்துக்குத் தனிப்பெயர் உண்டா? (இப்போது பாதி நெல் தார் ரோட்டில்தான் காய்கிறது, அது வேறு கதை.) ஊர், தாலுகா பெயரோடு கமெண்டில் போடுங்கள். பழைய போட்டோ இருந்தால் ரொம்ப நல்லது, மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை.