காந்தி, அணுகுண்டு, அடிக்குறிப்பு 4: வீடியோ விளையாட்டுக் கட்டுரைகளைத் திருத்தியவர்களே, உங்கள் அனுபவம் என்ன?

பழைய_தொகுப்பாளர்:

ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது, இங்கே கொட்டிவிடுகிறேன். சிவிலைசேசன் (ஒரு நாகரிகத்தை வளர்த்து ஆளும் கணினி விளையாட்டு) விளையாடியவர்களுக்குக் காந்தி கதை தெரியாமல் இருக்காது. 1991-இல் வந்த முதல் பாகத்தில் காந்தியின் மூர்க்க அளவு 1, மக்களாட்சிக்கு மாறினால் அதில் 2 குறையும், 0 முதல் 255 வரை மட்டுமே வைக்கும் 8 பிட் இடத்தில் மைனஸ் எண்ணுக்கு வழியில்லாததால் அது சுற்றிக்கொண்டு 255 ஆகிவிடும், உடனே அகிம்சைவாதி அணுகுண்டோடு வந்து நிற்பார். யாரும் திருத்தக்கூடிய நம் மொழி இணையக் கலைக்களஞ்சியத்தில் அந்த விளையாட்டுக்கு அப்போது நாலு வரிதான் இருந்தது. ஒரே இரவில் உட்கார்ந்து அதை முழுக் கட்டுரையாக்கினேன், காந்திக்கு மட்டும் தனிப் பத்தி. சான்று ஒன்றும் வைக்கவில்லை. ஊருக்கே தெரிந்த விஷயம்தானே என்று நினைத்துவிட்டேன்.

அப்புறம் வேறு கட்டுரைகள் பக்கம் போய்விட்டேன். ஒரு வருடம் கழித்து வந்து பார்த்தால் யாரோ "சான்று தேவை" என்று வார்ப்புரு போட்டிருக்கிறார், இன்னொருவர் அதை எடுத்துவிட்டுச் சான்றும் சேர்த்திருக்கிறார். அடிக்குறிப்பு 4. நல்லது என்று சொடுக்கினேன். ஏதோ ஒரு தளத்தின் பொழுதுபோக்குப் பக்கம். படித்துக்கொண்டே வந்தேன், மூன்றாவது பத்தியில் "காந்தி மக்களாச்சிக்கு மாறியதும்" என்று இருந்தது. மக்களாட்சியில் ட் விழவேண்டிய இடத்தில் ச் விழுந்திருக்கிறது. அந்த எழுத்துப்பிழை என்னுடையது. பக்க வரலாற்றைத் திறந்து என் பழைய தொகுப்போடு வைத்துப் பார்த்தேன், கமா முதற்கொண்டு ஒன்றுதான். என் பத்தியை எடுத்து அங்கே போட்டிருக்கிறார்கள், அதையே கொண்டுவந்து என் பத்திக்குச் சான்றாக வைத்திருக்கிறார்கள்.

2020-இல் அந்த விளையாட்டை வடிவமைத்த சிட் மையர் தன் நினைவுக் குறிப்பு நூலில் அப்படி ஒரு பிழை முதல் பாகத்தில் இருந்ததே இல்லை என்று எழுதினார். அன்றே பத்தியை நீக்கினேன். ஆனால் அதற்குள் எத்தனை பேர் படித்து, எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்கள்? உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.


இரவுக்_குறியாளன்:

நண்பரே, நீக்கியது அவசரம் என்றுதான் சொல்வேன். அந்தக் கதை பொய்யாக இருக்கலாம், ஆனால் அதில் சொல்லும் நுட்பம் பொய் இல்லை. பேக்-மேன் 256-ஆம் சுற்றை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்று எண்ணை ஒரே பைட்டில் (அதாவது 8 பிட்டில்) வைத்திருக்கிறார்கள், 255-க்கு மேல் போனதும் அது பூஜ்யமாகிவிடும், கீழே பழங்களை வரையும் துணைநிரல் குழம்பி 256 பழம் வரையப் பார்க்கும், திரையின் வலது பாதி முழுக்க எழுத்தும் எண்ணும் வண்ணத் துண்டுமாகச் சிதறிப்போகும். இது நடக்கிற விஷயம்.

என் அனுபவமும் அதில்தான். எமுலேட்டரில் (பழைய விளையாட்டைக் கணினியில் ஓட்டும் மென்பொருள்) இடையிடையே சேமித்துச் சேமித்து 256 வரை போய், கண்ணால் பார்த்துக் கட்டுரையில் எழுதினேன். இடது பாதியில் வழக்கம்போல் புள்ளிகள், வலது பாதி அப்படியே குப்பை, நடுவில் கோடு கிழித்தாற்போல் இருந்தது. இரண்டு மணி நேரத்தில் என் வரிகளை நீக்கிப் பழையபடி மீளமைத்துவிட்டார்கள், காரணம் "சொந்த ஆய்வு". கோபத்தில் பேச்சுப் பக்கத்தில் திரைப்பதிவின் இணைப்பையே போட்டேன். அதற்கு ஒரு மூத்த பயனர் எழுதிய பதில்: "நீங்கள் பார்த்தது உண்மை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நீங்கள் பார்த்தீர்கள் என்பதை வாசகர் எங்கே போய்ப் பார்ப்பார்?" அவர் சொன்னது சரிதான் என்று அன்றே தெரிந்தது. தெரிந்தும் ஒரு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. இன்று வரை அவருக்கு நன்றி சொல்லவில்லை, அவரும் இப்போது தொகுப்பதில்லை.


நாணயப்பை:

என்னுடையது ஸ்பேஸ் இன்வேடர்ஸ். 1978-இல் அது வந்தபோது ஜப்பானில் 100 யென் நாணயத்துக்கே பஞ்சம் வந்தது, அரசாங்கம் கூடுதலாக அச்சிட வேண்டியதாயிற்று என்று கட்டுரையின் முதல் பத்தியிலேயே இருந்தது. நான் தேடிப் போனால் 1978, 1979 இரண்டிலும் 100 யென் நாணயம் வழக்கத்தைவிடக் குறைவாகத்தான் வெளியாகியிருக்கிறது. யோசித்தால் அதுவும் சரிதான், எந்திரத்தில் விழுந்த காசைக் கடைக்காரர் எடுத்து வங்கியில் போடுவார், காசு சுற்றிக்கொண்டேதான் இருக்கும். அதைச் சான்றோடு எழுதி, பழைய வரியைக் "கட்டுக்கதை" என்று மாற்றினேன்.

அதற்கு ஒருவர் என் பேச்சுப் பக்கத்தில் வந்து எழுதியது: "சின்ன வயதிலிருந்து நான் சொல்லிவரும் கதை இது. ஏன் எடுத்தீர்கள்?" திட்டவில்லை, வாதாடவில்லை, அந்த இரண்டு வாக்கியம்தான். என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் மூன்று முறை தட்டி மூன்று முறை அழித்தேன். கடைசியில் வேறொரு தகவலைச் சொன்னேன்: படைப்பரக்கர் (அதில் நாம் சுடும் இன்வேடர்கள்) கூட்டம் குறையக் குறைய வேகம் கூடுகிறதே, அது முதலில் திட்டமிட்டது இல்லை, திரையில் உருவம் குறைந்தால் செயலி சீக்கிரம் வரைந்துவிடுகிறது, அதை விளையாட்டை உருவாக்கிய நிஷிகாடோ அப்படியே விட்டுவிட்டார், இதற்குச் சான்று இருக்கிறது, இனி இதைச் சொல்லுங்கள் என்றேன். அவர் பதில் எழுதவில்லை.


வெண்பலகை:

@நாணயப்பை படைப்பரக்கர் என்றா எழுதினீர்கள்? அங்கேதான் என் கதை தொடங்குகிறது.

மைன்கிராஃப்ட் கட்டுரையை விரிவாக்கியது நாங்கள் மூன்று பேர். எல்லாச் சொல்லையும் தமிழாக்க வேண்டும் என்று ஒருவர் பிடிவாதம், நானும் அவர் பக்கம். உயிர்பிழைப்பு முறை, படைப்பு முறை எல்லாம் நன்றாகவே வந்தது. அதில் வரும் கிரீப்பர் என்ற அரக்க உருவத்துக்கு "ஊர்வான்" என்று வைத்தோம். விளையாட்டை உருவாக்கிய பெர்சன் பன்றியை வடிவமைக்கும்போது உயரத்தையும் நீளத்தையும் மாற்றிப் போட்டுவிட, அந்தத் தவறான உருவமே கிரீப்பர் ஆனது என்ற சுவையான தகவலையும் சேர்த்தோம், சான்றோடு. 2009 மே 17 முதல் பொது வெளியீடு, 2011 நவம்பர் 18 முழு வெளியீடு, எல்லாத் தேதியையும் சரிபார்த்தோம். எனக்கு அந்தக் கட்டுரைமேல் அவ்வளவு பெருமை.

ஒருநாள் பேச்சுப் பக்கத்தில் கணக்கில்லாத ஒருவர், எழுத்தைப் பார்த்தால் சின்னப் பிள்ளை, "பச்சையா வந்து வெடிக்குமே அது ஏன் இதுல இல்ல" என்று கேட்டிருந்தது. அது இருந்தது. நாலு பத்தி இருந்தது. விளையாடுகிற குழந்தை தன் விளையாட்டைத் தன் மொழியில் தேடிவந்து, கண் முன்னால் இருந்ததை அடையாளம் காணாமல் போயிருக்கிறது. அன்று இரவே எல்லா இடத்திலும் "கிரீப்பர்" என்று மாற்றினேன். மற்ற இருவரில் ஒருவர் அதோடு என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அந்தப் பிள்ளை திரும்பி வந்து பார்த்ததா என்பதுதான் எனக்குத் தெரியவேண்டும், அது தெரிய வழியே இல்லை.


சான்றுப்பெட்டி:

எல்லோருடையதையும் படித்தேன். என் அனுபவம் சின்னது: சூப்பர் மாரியோ பிரதர்ஸ் அமெரிக்காவில் வெளியான தேதியை நானும் இன்னொருவரும் இரண்டு மாதம் மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தோம், கடைசியில் பார்த்தால் இருவரிடமும் இருந்தவை பின்னாளில் எழுதப்பட்ட பட்டியல்கள். ஜப்பானில் 1985 செப்டம்பர் 13 என்பதில் சண்டையில்லை. அமெரிக்கத் தேதிக்கு அந்தக் காலத்து ஆதாரங்களே ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. "1985" என்று மட்டும் போட்டு, தேதியில் கருத்து வேறுபாடு உண்டு என்று ஒரு வரி எழுதியிருந்தால் முதல் நாளே முடிந்திருக்கும்.

இதிலிருந்து புதிதாக வருகிறவர்களுக்குச் சிலது சொல்கிறேன். முதலில், ஒரு சான்றைப் பார்த்ததும் அதன் தேதியைப் பாருங்கள், அப்புறம் கட்டுரையின் பக்க வரலாற்றில் அந்த வாக்கியம் எப்போது நுழைந்தது என்று பாருங்கள். வாக்கியம் முந்தி, சான்று பிந்தி என்றால் தொடாதீர்கள், அது பெரும்பாலும் நம்மிடமிருந்தே போனதாக இருக்கும். காந்தி விஷயத்தில் இந்த ஒரு வேலையைச் செய்திருந்தால் அடிக்குறிப்பு 4 வந்தே இருக்காது, அண்ணன் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டாவது, விளையாட்டின் கதைச் சுருக்கத்துக்கு விளையாட்டே சான்று, அதற்கு மேல் தேடவேண்டாம். ஆனால் "இந்தக் காட்சி எல்லோரையும் அழவைத்தது" என்று எழுதினால் யார் அழுதார், எந்த இதழில் எழுதினார் என்று சொல்லியாக வேண்டும். ஆயுதப் பட்டியல், எந்தச் சுற்றில் எந்தச் சாவி, எப்படி ஜெயிப்பது இதெல்லாம் கட்டுரையில் வேண்டாம், அதற்கு ரசிகர் விக்கிகள் இருக்கின்றன. பழைய விளையாட்டு என்றால் அந்தக் காலத்து இதழ்களுக்குப் போங்கள், கம்ப்யூட்டர் கேமிங் வேர்ல்டு 1981-இலிருந்து வந்தது, ஸ்கேன் செய்த இதழ்கள் இணையத்திலேயே கிடைக்கின்றன, விமர்சனத்தோடு விளம்பரப் பக்கத்தையும் பாருங்கள், வெளியீட்டு மாதம் பல நேரம் அங்கேதான் கிடைக்கும். இணைப்பைச் சேர்த்த அன்றே வேபேக் மெசினில் (இணையப் பக்கங்களின் பழைய நகல்களைக் காக்கும் தளம்) சேமித்துவிடுங்கள், விளையாட்டு நிறுவனத் தளங்கள்போல் சீக்கிரம் செத்துப்போகிறவை வேறெதுவும் இல்லை. படம் வேண்டுமென்றால் அட்டைப்படத்தைப் பெரிதாக ஏற்றாதீர்கள், அது உரிமை உள்ள படம், நியாயமான பயன்பாட்டுக்குச் சிறிய அளவே போதும். கன்சோல் படங்களுக்கு ஈவன் ஏமஸ் எடுத்தவற்றைத் தேடுங்கள், வெள்ளைப் பின்னணியில் எடுத்து எல்லோருக்கும் பொதுவில் விட்டிருக்கிறார், அந்த மனிதர் செய்திருப்பது தனியொருவர் செய்யக்கூடிய வேலையே இல்லை. இன்னொன்று, தகவல் பெட்டியில் மதிப்பெண்ணை நிரப்புவதில் காட்டும் ஆர்வத்தை வரவேற்புப் பகுதியில் நாலு வரி எழுதுவதில் காட்டுங்கள்.


இரவுக்_குறியாளன்:

@சான்றுப்பெட்டி அறிவுரை கேட்டு யாரும் இங்கே வரவில்லை. ஆனால் அந்த முதல் விஷயம், வாக்கியம் முந்தியா சான்று முந்தியா என்பது, உண்மையிலேயே நல்லது. எடுத்துக்கொள்கிறேன்.


கடைசிச்_சொடுக்கு:

சுருக்கமாகச் சொல்கிறேன், எழுதினால் மனது கனக்கும். ஒரு சின்ன ஃபிளாஷ் (உலாவியில் விளையாட்டுகளை ஓட்டிய மென்பொருள்) விளையாட்டு. 2020 டிசம்பர் 31-உடன் ஃபிளாஷுக்கே ஆதரவு முடிந்தது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன் அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிவிட வேண்டும் என்று எழுதினேன். நீக்கல் வேண்டுகோள் வந்தது, குறிப்பிடத்தக்கமை இல்லை என்று. ஏழு நாள் தேடினேன். அதை நடத்திய தளம் போய்விட்டது, வேபேக்கில் முகப்பு மட்டும் கிடைத்தது, விளையாட்டு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் கட்டம். யாரும் அதைப் பற்றி எந்த இதழிலும் எழுதவில்லை. விதிப்படி நீக்கியது சரி. நீக்கியவரும் கனிவாகத்தான் பேசினார், கட்டுரையை என் மணல்தொட்டிக்கு (வரைவுகளை வைக்கும் என் சொந்தப் பக்கம்) மாற்றித் தந்தார். அது இன்னும் அங்கே இருக்கிறது. நாணயப்பை சொன்னவரைப் போலத்தான் நானும், ஏன் எடுத்தீர்கள் என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.


வெண்பலகை:

@கடைசிச்_சொடுக்கு அழிந்துபோன ஃபிளாஷ் விளையாட்டுகளைச் சேகரித்துக் காக்கும் ஃபிளாஷ்பாயிண்ட் என்று ஒரு திட்டம் இருக்கிறது. அதில் உங்கள் விளையாட்டு இருக்கிறதா என்று பாருங்கள். கட்டுரைக்கு அது சான்றாகாது, ஆனால் விளையாட்டாவது கிடைக்கும்.


பழைய_தொகுப்பாளர்:

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. @சான்றுப்பெட்டி, தவறாக எடுத்துக்கொள்ளவில்லை தம்பி, நீங்கள் சொன்னது எனக்கு விழவேண்டிய குட்டுதான். @இரவுக்_குறியாளன் நீக்கியது அவசரம் என்றீர்கள், அதை நேற்று முழுக்க யோசித்தேன். இதற்கு ஒரு காரணமும் உண்டு: போன வாரம் யாரோ புதியவர் அந்தப் பத்தியை மறுபடி சேர்த்திருந்தார். எங்கிருந்தோ நகலெடுத்தது. அதே "மக்களாச்சி".

மீளமைக்கக் கை போனது, நிறுத்திக்கொண்டேன். நீக்கினால் அவர் திரும்பச் சேர்ப்பார், இல்லையென்றால் இன்னொருவர். அதனால் "காந்தி கட்டுக்கதை" என்று தனி உட்தலைப்பு போட்டு எழுதியிருக்கிறேன். முதல் பாகத்தில் மூர்க்க நிலைகள் மூன்றே மூன்றுதான், காந்திக்கு இருந்த அதே நிலை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குத் தலைவர்களுக்கும் இருந்தது என்று இரண்டாம் பாகத்தை வடிவமைத்த பிரயன் ரெனால்ட்ஸ் சொன்னது. அணுகுண்டு கையில் இருந்தால் எந்தத் தலைவரும் ஒரே மிரட்டல் வசனத்தைத்தான் பேசுவார், காந்தி வாயில் கேட்டதால் அது மட்டும் நினைவில் நின்றது என்பது. 2010-இல் வந்த ஐந்தாம் பாகத்தில் ஜான் ஷேஃபர் வேண்டுமென்றே, வேடிக்கைக்காக, பத்துக்குள் இருக்கவேண்டிய காந்தியின் அணுகுண்டு விருப்பத்தை 12 என்று வைத்தது. அதற்குப் பிறகு 2012-இல்தான் 255 கதை இணையத்தில் முளைத்து, 1991-க்குப் பின்தேதியிட்டு ஒட்டிக்கொண்டது. இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால்தான் கதை எப்படிப் பிறந்தது என்றே புரிகிறது, நான் அன்று எழுதியதைவிட இது எவ்வளவோ சுவையாக இருக்கிறது.

சேர்த்த புதியவருக்கு அவர் பேச்சுப் பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுதினேன், அந்தப் பத்தியை முதலில் எழுதியவன் நான் என்பதையும் சொல்லி. மையர் நூலுக்குப் பக்க எண் இன்னும் போடவில்லை, என்னிடம் இருப்பது மின்னூல், அதில் பக்க எண் வராது. அச்சு நூல் வைத்திருப்பவர் யாராவது பார்த்து அடிக்குறிப்பு 4-இல் நிரப்பிவிடுங்கள்.