முழு கலெக்‌ஷனா தர்றாங்க, எங்க சின்ன நேரோ கேஜ் மியூசியத்துக்கு வாங்கலாமா?

கொட்டகைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் போயிட்டிருந்தேன், இப்பதான் முதல் தடவையா கேக்குறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

நாங்க சில பேர் சேர்ந்து ஒரு நேரோ கேஜ் (கேஜ்னா ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல இருக்குற இடைவெளி, இது குறுகலான பாதை) ரயில் மியூசியம் நடத்துறோம். மியூசியம்னதும் பெருசா நெனச்சுக்காதீங்க, மூடிப்போன லைனோட பழைய குட்ஸ் ஷெட் ஒண்ணு, உள்ள ரெண்டு வேகன், ஒரு தள்ளு டிராலி, ஒரு லீவர் ஃப்ரேம் (சிக்னல் இழுக்குற நெம்புகோல் வரிசை), நாலு கண்ணாடி அலமாரி, அவ்ளோதான். சம்பளத்துக்கு ஒரு ஆள் கிடையாது. வாலண்டியர் லிஸ்ட்ல 14 பேர், ஞாயித்துக்கிழமை ஷட்டர் தூக்குறப்ப வந்து நிக்கிறது 4 பேர், அதுலயும் ரெண்டு பேருக்கு முட்டி வலி.

இப்ப விஷயம் என்னன்னா, ஆயுசு பூரா இதே பைத்தியமா சேத்து வச்சிருந்த ஒரு பெரியவர் தவறிட்டார். அவர் பசங்க எங்கள கூப்பிட்டு, ஒரு 20 குதிரைசக்தி சிம்ப்ளெக்ஸ் (சின்ன ரயில் இன்ஜின் பிராண்டு) டீசல் இன்ஜின், மூணு டிப் வேகன் (சாய்ச்சுக் கொட்டுற வண்டி), அப்புறம் காகிதம் அடைச்ச 11 அட்டப்பெட்டி, எல்லாத்தையும் தர்றோம், எடுத்தா மொத்தமா எடுங்க, வீட்ட விக்கணும் அதனால சீக்கிரம் சொல்லுங்கன்னு நிக்கிறாங்க. எங்காளுங்கள்ல பாதிப் பேர் இன்ஜின் ஃபோட்டோவ பாத்ததுல இருந்து தூங்கல. எனக்கோ வயித்தக் கலக்குது. ஏற்கெனவே இருக்குற ரெண்டு வேகன்ல ஒண்ணுக்கு இன்னும் பதிவே போடல. இதுல போன மாசம் புதுசா வந்த தம்பி ஒருத்தன் ஆசையா வயர் பிரஷ் போட்டு அந்த வேகன் பக்கவாட்டுப் பெயின்ட்ட பளபளன்னு சொரண்டி வச்சுட்டான், அவன திட்டவும் மனசு வரல.

இந்த மாதிரி இடத்துல இருந்தவங்க யாராவது சொல்லுங்க, வாங்குறதா வேணாமா?

பாயின்ட்ஸ்மேன்:
முதல்ல கேஜ் என்னன்னு சொல்லலயே ப்ரோ! சிம்ப்ளெக்ஸ் பல கேஜ்ல வந்துச்சு, முதல் உலகப்போர்ல பதுங்குகுழிக்குப் போற லைனுக்கு 600 மில்லிமீட்டர்ல செஞ்சது ஒரு வகை, அப்புறம் குவாரி, செங்கல் சூளைன்னு போனது 610, 762ன்னு ஏகப்பட்டது. உங்க ஷெட்ல இருக்குற தண்டவாளம் எவ்ளோ? 600க்கும் 610க்கும் பத்து மில்லிதானேன்னு தள்ளி விட்டுடாதீங்க, நேர்ப்பாதைல சும்மா நிக்கிற மாதிரிதான் இருக்கும், வளைவுலயோ பாயின்ட்லயோ (பாதை பிரியுற எடம்) மாட்டுனா தெரியும். சக்கரத்தோட உள்முகத்துல இருந்து எதிர் சக்கரத்து உள்முகம் வரைக்கும் டேப் வச்சு அளந்துக்கோங்க, ரெண்டு ஆக்சிலயும் அளக்கணும், சுத்தி மூணு எடத்துல அளக்கணும், ஆக்சில் வளைஞ்சிருந்தா அதுலயே மாட்டிக்கும். 20 எச்பி சிம்ப்ளெக்ஸ் ரெண்டரை டன் கிட்ட வரும், ஷெட் தரை தாங்குமா, லாரில இருந்து எப்படி எறக்குவீங்கன்னு அதையும் யோசிங்க.

பழுப்புத்தாள்:
நான் 20 வருஷத்துக்கு மேல இதே மாதிரி ஒரு எடத்துல பதிவேடு பாத்தவ. தம்பி, நீங்க எல்லாரும் இன்ஜினையே பேசுறீங்க, எனக்கு அந்த 11 பெட்டிதான் கண்ணுல நிக்குது. அந்த மாடல் இன்ஜின் உலகத்துல பல எடத்துல இருக்கு, ஓடுறதே இருக்கு. ஆனா எந்த இன்ஜின் எந்த குவாரில எத்தன வருஷம் ஓடுச்சு, யாரு ஓட்டுனா, எப்ப சக்கரம் மாத்துனாங்கன்னு எழுதி வச்ச நோட்டு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கும், வீடு காலி பண்றப்ப அதுதான் முதல்ல பழைய பேப்பர் கடைக்குப் போகும்.

அதனால பசங்ககிட்ட நேரா பேசுங்க, பெட்டிகள இப்பவே எடுத்துக்குறோம், வண்டிய பத்தி பாத்துட்டுச் சொல்றோம்னு. மொத்தமாதான்னு சொல்றவங்க முக்காவாசிப் பேர் அப்பா சேத்தது சிதறிடக்கூடாதேங்குற பயத்துலதான் சொல்றாங்க, இன்ஜினுக்கு வேற நல்ல எடம் நாமளே தேடித் தந்தா எறங்கி வருவாங்க.

இன்னொண்ணு, எதையும் ‘நிரந்தர இரவல்’னு மட்டும் வாங்கிடாதீங்க. நாங்க அப்படி ஒரு டேங்க் வேகன வாங்கி ஆறு வருஷம் பாடுபட்டு பலகையெல்லாம் மாத்தி நிறுத்துனோம், ஏழாவது வருஷம் பேரன் வந்து எங்க தாத்தா வண்டிய எடுத்துட்டுப் போறேன்னுட்டான், எங்ககிட்ட இருந்தது ஒரு நன்றிக் கடுதாசி மட்டும்தான். தானம்னா தானம்னு எழுதி, எல்லா வாரிசும் கையெழுத்துப் போட்ட காகிதம் வேணும். இரவல்னா தேதி போட்ட இரவல், யார் இன்சூரன்ஸ் கட்டுறது, யார் செலவு பண்றதுன்னு எழுதிக்கணும்.

பெட்டி வந்ததும் அப்படியே அலமாரில ஏத்தாதீங்க. பூச்சி இருக்கான்னு பாக்குற வரைக்கும் தனி ரூம்ல வைங்க, எந்தப் பெட்டில எது மேல எது இருந்துச்சுன்னு அடுக்கு கலைக்காம ஃபோட்டோ எடுங்க, அந்த அடுக்கே ஒரு தகவல். அட்ட டிக்கெட் கெடச்சா (அந்த குட்டி எட்மண்ட்சன் டிக்கெட்டுங்க, கிட்டத்தட்ட 57க்கு 31 மில்லிமீட்டர்) ஜன்னல் வெளிச்சத்துல வைக்காதீங்க, நாங்க வச்ச ஒரு வரிசை ரெண்டே வருஷத்துல பச்சையா மஞ்சளான்னே தெரியாம வெளுத்துப் போச்சு.

ஆயில்கேன்:
அக்கா சொல்றது சரி, ஆனா ஒரு விஷயத்துல ஒத்துக்க மாட்டேன். பெட்டி பெட்டியா காகிதம் மட்டும் வாங்கி வச்சா அந்த 4 பேரும் 2 பேரா ஆயிடுவாங்க. ஞாயித்துக்கிழமை தூக்கத்த விட்டுட்டு வர்றவன் கைல கிரீஸ் பட வர்றான், லிஸ்ட் எழுத வரல. வேல்ஸ்ல இருக்குற தாலிலின் ரயில்வே கதைய பாருங்க, 1950ல ஓனர் எறந்ததும் எழுத்தாளர் ரோல்ட் முதலான ஆளுங்க சங்கம் ஆரம்பிச்சு 1951ல வாலண்டியர வச்சு ஓட்டுனாங்க, உலகத்துலயே முதல். லைனே அப்ப பாதி புல்லுக்குள்ள, இருந்த ரெண்டு பழைய இன்ஜின்ல ஒண்ணுதான் ஓடுற நெலமை. அவங்கள காப்பாத்துனது பக்கத்துல மூடிப்போன காரிஸ் ரயில்வேல கெடந்த ரெண்டு இன்ஜின், அதுவும் அபூர்வமான அதே 686 மில்லி கேஜ்ங்குறதால. இன்ஜின் வந்துச்சு, ஆளு நின்னுச்சு.

பழுப்புத்தாள்:
@ஆயில்கேன் அதே தாலிலின் லைன்ல மியூசியம் எப்படி வந்துச்சுன்னும் சொல்லணும்ல தம்பி. அங்க 1950கள்ல வந்து சேந்ததுல ஒண்ணு டப்ளின் கின்னஸ் மதுபான ஆலையோட குட்டி நீராவி இன்ஜின், அது 559 மில்லி கேஜ், தாலிலின் தண்டவாளத்துல ஒரு அடி நகராது. இருந்தும் அது பின்னால இருக்குற கதைக்காக வச்சாங்க. பெரிய பாதை வண்டிய இழுக்க வேண்டி வந்தா அந்த வகை இன்ஜின அப்படியே தூக்கி சக்கரம் வச்ச ஒரு சட்டத்துக்குள்ள எறக்கி விடுவாங்க, இன்ஜின் சக்கரம் ரோலர சுத்தும், ரோலர் சட்டத்தோட சக்கரத்த சுத்தும். இத எழுதி மாட்டலன்னா பாக்க வர்றவனுக்கு அது ஒரு இரும்புக் குண்டான்தான். ஓடுறதுக்கு ஒண்ணு, சொல்றதுக்கு ஒண்ணு, ரெண்டையும் ஒரே லிஸ்ட்ல போட்டுக் குழப்பாதீங்க.

ஆயில்கேன்:
சரி சரி, வாய மூடிக்கிறேன் 😄 ஆனா அந்த சொரண்டுன தம்பிய விட்டுடாதீங்க, கை வேலை தெரிஞ்ச ஆள் கெடைக்கிறதே அரிது.

சிவப்புக்கொடி:
அந்த சொரண்டல பத்தி நானும் சொல்லியாகணும். பழைய வண்டில அடிப்பூச்சு பெரும்பாலும் ஈயம் கலந்த சிவப்பு, காஞ்ச பெயின்ட்ட வயர் பிரஷால தேச்சா அந்தத் தூள் நேரா நுரையீரலுக்குப் போகும், முகத்துல கர்ச்சீப் கட்டுனா போதாது. தம்பி என்ன மாஸ்க் போட்டான்னு கேளுங்க, கீழ கொட்டுன தூள கூட்டாதீங்க, ஈரத்துணியால தொடைங்க. டீசல்ல எக்ஸாஸ்ட் பைப்ப சுத்தியிருக்குற கயிறு, பழைய கேஸ்கட், பிரேக் லைனிங், இதுல எல்லாம் கல்நார் இருக்க வாய்ப்பு உண்டு, டெஸ்ட் பண்ணாம யாரும் பிச்சு எடுக்க வேணாம்.

உடம்ப விட்டாலும், பெயின்ட் போச்சுன்னா திரும்ப வராது. கட்டவெரல் அகலத்துக்கு ஒரு எடத்த தேர்ந்தெடுத்து படிக்கட்டு மாதிரி ஒவ்வொரு அடுக்கா தேச்சா, மேல பச்சை, அதுக்குக் கீழ பழுப்பு, அதுக்கும் கீழ பழைய கம்பெனி எழுத்து, எல்லாம் வரிசையா தெரியும். நாங்க ஒரு வேகன்ல அப்படி தேச்சப்ப அஞ்சாவது அடுக்குல பாதி எழுத்து ஒண்ணு எட்டிப்பாத்துச்சு, அதுவரைக்கும் அது வேற லைன் வண்டின்னே நெனச்சுட்டு இருந்தோம். இந்த வேலைய அந்தத் தம்பிகிட்டயே குடுங்க, ஆசையும் தீரும், வண்டியும் பொழைக்கும்.

கொட்டகைக்காரன்:
எல்லாருக்கும் நன்றி, நேத்து நாலு பேரும் போயிட்டு வந்தோம். பசங்க நாங்க நெனச்ச அளவுக்கு முரண்டு பிடிக்கல, பழுப்புத்தாள் அக்கா சொன்ன மாதிரியே அப்பா பேரு இருக்கணும், ஒண்ணா இருந்த சாமான்னு எங்கயாவது எழுதணும், அதுதான் அவங்க கவலை. பெட்டி 11ம் இப்ப எங்ககிட்ட, தானமா, மூணு வாரிசு கையெழுத்தோட. கேஜ் 610, எங்க தண்டவாளமும் 610, ஆனா பின் ஆக்சில்ல ஒரு எடத்துல நாலு மில்லி கூட வருது, அதனால இன்ஜினுக்கு இன்னும் ஆமான்னும் சொல்லல இல்லைன்னும் சொல்லல. ஓடுற லைன் வச்சிருக்குற ஒரு குழுகிட்டயும் பேசிட்டிருக்கோம்.

முதல் பெட்டில மேலாக்கவே ஒரு எண்ணெக்கறை படிஞ்ச நோட்டு இருந்துச்சு. டீசல் எத்தன லிட்டர், எத்தன நடைன்னு பென்சில்ல தினமும் எழுதியிருக்காரு யாரோ ஒரு டிரைவர், ஓரத்துல சின்ன எழுத்துல ‘ரெண்டாவது கியர் நழுவுது, சொல்லியாச்சு’, மூணு வாரம் கழிச்சு மறுபடி ‘சொல்லியாச்சு’, அதுக்கப்புறம் ஒரு நாள் வெறும் ‘சொல்லல’. மேல போட்டிருக்குற நம்பர் அதே இன்ஜினோட பிளேட் நம்பர். முட்டி வலிக்கார அண்ணன் பெட்டி தூக்க மாட்டேன்னு சொல்லிட்டு, அந்த நோட்டோட உக்காந்தவர் சாயங்காலம் ஷட்டர் எறக்குற வரைக்கும் எழுந்திரிக்கல.

@சிவப்புக்கொடி தம்பி வெறும் கைக்குட்டைதான் கட்டியிருந்தானாம். சரியான மாஸ்க் வாங்கச் சொல்லிட்டேன், ரத்தத்துல ஈயம் எவ்ளோன்னு டெஸ்ட்டும் எடுக்கச் சொல்லியிருக்கேன். அந்தப் படிக்கட்டு தேய்க்குறதுக்கு எத்தனாம் நம்பர் எமரி ஷீட்ல ஆரம்பிக்கணும், தண்ணி போட்டா இல்ல எண்ணெ போட்டா?

சிவப்புக்கொடி:
தண்ணி போட்டு, 400ல ஆரம்பிச்சு 1200 வரைக்கும் போங்க. கண்டிப்பா ஈரமாத்தான்.