புதுப்பிப்பு: அம்மாவின் முழங்கால் வலியும் உடல் எடையும்

அம்மாவின் முழங்கால் தேய்மான வலிக்கு நடைப்பயிற்சி மட்டும் போதுமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். மருத்துவர் உணவுக் கட்டுப்பாட்டையும் சேர்த்தே சொல்லியிருக்கிறார். அமெரிக்காவின் வட கரோலினாவில் 55 வயதும் அதற்கு மேலும் ஆன, எடை மிகுந்த, முழங்கால் தேய்மான வலியுள்ள 454 பேரை 18 மாதங்கள் கவனித்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், உடற்பயிற்சி மட்டும் செய்தவர்கள் சராசரியாக 1.8 கிலோதான் குறைந்தார்கள். உணவுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சி இரண்டையும் கடைப்பிடித்தவர்களோ 10.6 கிலோ குறைந்ததோடு, வலி தணிந்து வேகமாகவும் நடந்தார்கள். உடலில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மீதான சுமை நான்கு கிலோ குறையும் என்பது 2005இல் வந்த கணக்கு. எனினும் முதுமையில் எடையைக் குறைக்கும்போது கொழுப்போடு தசையும் கரைவதால், பட்டினி கிடப்பதை (அம்மாவுக்கு விரதங்கள் அதிகம்) நான் ஆதரிக்கவில்லை. தசையைக் காக்க, அம்மா பருப்பையும் பாலையும் குறைக்காமல், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து பழகத் தொடங்கியிருக்கிறார்.