ஓடையில் கருமணல் மட்டும்தான் நிற்கிறது, தங்கம் எங்கே போகிறது?

கூழாங்கல்:
வணக்கம். மண்ணியல் முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவன். ப்ராஜெக்டுக்காக, அனுமதி வாங்கி, நீலகிரியில் தேவாலா பக்கம் ஒரு சின்ன ஓடையில் தங்கத்துக்காக மணல் அரிக்கிறேன். இரண்டு எட்டில் தாண்டிவிடலாம், அவ்வளவுதான் ஓடை. மூன்று நாளில் 18 தட்டு ஆயிற்று. அடியில் கருமணல் நன்றாகவே தங்குகிறது. மஞ்சளாக மின்னுவது எல்லாம் தட்டைச் சாய்த்ததும் தண்ணீரோடு ஓடிவிடுகிறது. புத்தகத்தில் சொன்னபடி வளைவின் உள்பக்கத் திட்டில்தான் எடுக்கிறேன். 1880 வாக்கில் லண்டனிலிருந்து கம்பெனி கம்பெனியாக இங்கே வந்தார்களே, அதெல்லாம் சும்மாவா?

பந்தலூர்க்காரன்:
ஓடுவது காக்காப்பொன் தம்பி, மைக்கா என்பார்களே அது. தட்டை உங்கள் நிழலில் பிடித்துப் பாருங்கள். காக்காப்பொன் அணைந்துவிடும், தங்கம் நிழலிலும் அதே மஞ்சள்தான். ஊசி முனையால் அழுத்தினால் தங்கம் நசுங்கும், தங்கம் போல மின்னும் பைரைட் கல் பொடியாகும், காக்காப்பொன் ஏடு ஏடாக உரியும். கருமணல் நிற்கிறது என்றால் உங்கள் கை சரியாகத்தான் ஓடுகிறது.

சும்மா வரவில்லை அவர்கள். தங்கம் இருந்தது, போட்ட காசுக்குத்தான் பற்றவில்லை. கீழே நிலம்பூரில் சாலியாற்று மணலை மரவையில் அரித்தவர்கள் உண்டு. அந்தத் தங்கமும் மலையிலிருந்து போனதுதானே.

சரளை:
எவ்வளவு ஆழத்தில் எடுத்தீர்கள்? தட்டு புதுசா?

கூழாங்கல்:
ஒரு சாண் ஆழம் சார். தட்டு பாத்திரக்கடையில் வாங்கிய புது ஸ்டீல்.

சரளை:
இரண்டுமே கோளாறு. புதுத் தட்டில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், நுண்துகள் தங்கம் அதில் ஒட்டி நீர்மேல் மிதந்து வெளியே போய்விடும். தட்டை அடுப்பில் காட்டிச் சுட்டுக் கழுவுங்கள், அரிக்கும் தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு விடுங்கள்.

ஆழம்தான் பெரிய விஷயம். ஒப்படர்த்தி, அதாவது தண்ணீரைப் போல எத்தனை மடங்கு கனம் என்பது, சுத்தத் தங்கத்துக்கு 19.3, வெங்கச்சங்கல்லுக்கு (குவார்ட்ஸ்) 2.65, கருமணலில் இருக்கும் மேக்னடைட்டுக்கு 5.2. வெள்ளத்தில் சரளை மொத்தமும் குலுங்கும்போது தங்கம் இடுக்கு இடுக்காக இறங்கி அடிப்பாறையிலோ கெட்டிக் களியிலோ போய்த்தான் நிற்கும். உள்வளைவின் மேல்மணலில் வருவது கடைசி வெள்ளம் விட்டுப்போன தூசு. உங்கள் ஓடையில் நைஸ் என்கிற வரிவரியான பாறை தெரியும் இடத்தைத் தேடுங்கள். அதன் வரிகள் ஓடைக்குக் குறுக்கே போனால் படிப்படியாகப் பள்ளம் விழுந்திருக்கும், ஓடையே போட்டுக்கொண்ட பொறி அது. வரிகள் ஓட்டத்தோடு ஒத்துப் போனால் அங்கே மெனக்கெட வேண்டாம். வெடிப்பில் இருக்கும் களியை ஸ்பூனால் வழித்து, பிரஷ்ஷால் கூட்டி எடுங்கள்.

அப்புறம் துகளின் உருவம். முனை மழுங்காமல் வெங்கச்சங்கல் ஒட்டியிருந்தால் தங்கம் கிளம்பிய இடம் பக்கத்தில்தான். தட்டையாகி ஓரம் மடிந்திருந்தால் வெகுதூரம் உருண்டது. இந்த மழையில் நைஸ் பல மீட்டர் ஆழத்துக்கு மக்கிப்போகும், வெங்கச்சங்கல் நரம்பு மட்டும் உடைந்து சரிவில் நகரும். அதனால் கரைச் செம்மண்ணையும் அரித்துப் பாருங்கள்.

கூழாங்கல்:
ஐந்து நாள் கழித்து வருகிறேன். முழங்கால் ஆழச் சரளையை அள்ளிப் போட்டு, பாறை வெடிப்பிலிருந்து இரண்டு தட்டுக் களி எடுத்தேன். ஏழு துகள்! ஒன்றில் வெள்ளைக் கல் ஒட்டியிருக்கிறது. வலப்பக்கம் ஒரு சிற்றோடை சேருகிறது, அதற்கு மேலே முக்கிய ஓடையில் ஒன்றுகூட இல்லை. நாளை சிற்றோடையில் ஏறலாமா?

பந்தலூர்க்காரன்:
ஆள் துணையில்லாமல் போகாதீர்கள். புதருக்குள் பழைய சுரங்கக் குழி வாய் திறந்து கிடக்கும், கால் வைத்த பிறகுதான் தெரியும்.

சரளை:
அவர் சொல்வதைக் கேளுங்கள். மேலே பழைய வேலை நடந்திருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. உங்கள் ஏழு துகளும் மலை தந்ததா, கல்லை இடித்த கழிவிலிருந்து வந்ததா என்று பிரிக்க வேண்டும். அந்தக் காலத்தில் பாதரசத்தை வைத்துத்தான் தங்கத்தைப் பிடித்தார்கள். துகள்மேல் வெள்ளிப் பூச்சுப் போலத் தெரிந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள், தீயில் காட்டவே காட்டாதீர்கள். லென்ஸில் பார்த்துவிட்டு ஏழின் படத்தையும் இங்கே போடுங்கள்.