ஏஐ கேமரா எச்சரிக்கை: எதை நம்பி மெஷினை நிறுத்துவது?

நைட்ஷிப்ட்:
வணக்கம். டைட்டானியம் பவுடரை லேசரால் லேயர் லேயராக உருக்கிப் பார்ட் செய்யும் (3டி பிரிண்டிங்) சிறிய யூனிட்டில் ஆபரேட்டராக இருக்கிறேன். லேயர் 40 மைக்ரான், 100 மி.மீ. உயரமான பார்ட்டுக்கு 2500 லேயர். பிளேடு பவுடரைப் பரப்பியதும் கேமரா படம் எடுக்கும், சந்தேகமான இடத்தில் ஏஐ சிவப்புக் கட்டம் போடும். மெஷினை நிறுத்துவதா, ஓடவிடுவதா என்பது என் பொறுப்பு.

ஒரு ராத்திரியில் முப்பது கட்டமாவது வரும். பெரும்பாலும் விளக்கு பட்ட மினுக்கம், இல்லையென்றால் பவுடரில் மெல்லிய கோடு. போன வாரம் மூன்றரை மணிக்கு 1410-வது லேயரில் வந்ததையும் அப்படி நினைத்து 'தொடரவும்' அழுத்திவிட்டேன். உண்மையில் பார்ட்டின் ஓரம் சுருண்டு மேலே எழும்பியிருந்தது. கொஞ்ச நேரத்தில் ரப்பர் பிளேடு கிழிந்து, தட்டிலிருந்த ஆறு பார்ட்டும் வீணாகிவிட்டன. "மெஷின் சொல்லியும் கேட்கவில்லையே" என்கிறார் மேனேஜர். ஒவ்வொன்றுக்கும் நிறுத்தினாலும் பார்ட் ஆறிச் சுருங்கி அந்த லேயரில் கோடு விழுகிறது. நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பவுடர்பெட்:
தம்பி, ஒரு படத்தை மட்டும் பார்க்காதீர்கள். முந்தைய பத்து லேயரையும் வரிசையாகத் திறந்து பாருங்கள். மினுக்கம் இடம் மாறும். பிளேடில் கீறல் இருந்தால் கோடு பிளேடு போகும் திசையில் நீளமாக ஓடும். சுருண்ட ஓரம் பார்ட்டின் விளிம்பை ஒட்டி, அதே இடத்தில் திரும்பத் திரும்ப வரும். சூட்டால் தேங்கும் இழுவிசையை, பார்ட்டைத் தட்டோடு பிடித்து வைக்கும் சப்போர்ட் தாங்காததால் வருவது அது, தானாக அடங்காது.

கண்ணும்கையும்:
இதை உங்கள் கவனக்குறைவு என்று முடித்துவிடுவது நியாயமே இல்லை. கணக்குப் பாருங்கள்: நூறில் ஒரு லேயருக்குத் தவறாகக் கத்தினாலே 2500-க்கு 25 பொய் எச்சரிக்கை. உண்மையானது ஒன்றோ இரண்டோ. தானியங்கியை அளவுக்கு மீறி நம்புவதையும், பொய் அலாரத்தால் அதை ஒதுக்கிவிடுவதையும் ராஜா பரசுராமன், விக்டர் ரைலி என்ற ஆய்வாளர்கள் 1997-லேயே சேர்த்து ஆராய்ந்திருக்கிறார்கள். விளிம்பு எழும்புவதற்குத் தனி நிறம், தனிச் சத்தம் கேளுங்கள். கோடுகள் பதிவில் மட்டும் இருந்தால் போதும்.

நைட்ஷிப்ட்:
ரொம்ப நன்றி அண்ணே, இரண்டு பேருக்கும். பழைய படங்களைத் திறந்தேன். 1402-லேயே அதே மூலையில் கட்டம் இருக்கிறது. நடுவில் எதிர்ப்பக்கம் நாலு மினுக்கம், என் கண் அங்கே போயிருக்கிறது. மேனேஜரிடம் காட்டினேன், அவரும் உட்கார்ந்து பொறுமையாகப் பார்த்தார். எச்சரிக்கையை வகைவாரியாகப் பிரிக்க சாஃப்ட்வேரில் வழி உண்டாம். பாஸ்வர்டு பகல் ஷிப்ட் இன்ஜினியரிடம் இருக்கிறது. திங்கட்கிழமை அவர் வரும்வரை காத்திருந்து மாற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.