ஒரே டெலோமியர் வரிசை, உப்பு மாறினால் மடிப்பும் மாறுமா?

கேள்வி: மனித டெலோமியரின் (குரோமோசோம் முனை டிஎன்ஏ) 22 எழுத்து வரிசை, ஏஜிஜிஜி(டிடிஏஜிஜிஜி)3. 100 மில்லிமோலார் சோடியம் குளோரைடில் சிடி நிறமாலை (இடம், வலம் சுழலும் ஒளியை உறிஞ்சுவதில் உள்ள வேறுபாடு; மடிப்பைக் காட்டும்) 295 நானோமீட்டரில் மேலே, 265-இல் கீழே. பொட்டாசியத்தில் 290-இல் முகடு, 268 பக்கம் ஒரு தோள். சாம்பிள் கெட்டுவிட்டதா?

பதில் 1: கெடவில்லை, இரண்டுமே ஜி-குவாட்ரபிளக்ஸ்தான், அதாவது நான்கு குவானின் (ஜி எழுத்து) சேர்ந்த தளங்கள் அடுக்கான மடிப்பு. சோடியத்தில் இழைகள் எதிரெதிராக ஓடும் கூடை வடிவம். பொட்டாசியத்தில் மூன்று இழை ஒரு பக்கம், ஒன்று எதிர்ப்பக்கம் ஓடும் கலப்பு வடிவம். சோடியம் சிறியது, நான்கு குவானின்களின் தளத்திலேயே உட்கார முடியும். பொட்டாசியம் இரண்டு தளங்களுக்கு நடுவே நின்று எட்டு ஆக்சிஜன்களைப் பிடிக்கும்.

முக்கியமாக, 95 டிகிரியில் 5 நிமிடம் வைத்து, ஹீட்டரை அணைத்து இரவு முழுக்க அப்படியே ஆறவிடுங்கள். நேரே ஐஸில் வைத்தால் பாதி மடிந்த வடிவங்கள் சிக்கிக்கொள்ளும். பிபிஎஸ் (பாஸ்பேட் உப்புக் கரைசல்) பஃபர் வேண்டாம், அதில் சோடியம், பொட்டாசியம் இரண்டு அயனியும் இருக்கிறது. ஒப்பீட்டுக்கு, இந்த மடிப்பை அதிகம் நிலைப்படுத்தாத லித்தியம் பஃபரில் ஒன்று ஓட்டுங்கள்.

பதில் 2: 2002-இல் வந்த பொட்டாசியப் படிக அமைப்பில் நான்கு இழையும் ஒரே திசை, சுழல்கள் வெளியே காற்றாடி இறக்கை மாதிரி. நீர்த்த கரைசலில் அதை எதிர்பார்க்காதீர்கள். 40 சதவீதம் பெக் 200 (பாலிஎத்திலீன் கிளைக்கால்) சேர்த்தால், ஒரே திசை வடிவத்தைக் காட்டும் முகடு 265 பக்கம் எழும்.

பதில் 3: சிடியை மட்டும் நம்பி வடிவத்தைச் சொல்லாதீர்கள். அந்த 268 தோள் பல வடிவங்களின் கலவையாலும் வரும். புரோட்டான் என்எம்ஆரில் (அணுக்காந்த ஒத்ததிர்வு) 10.5 முதல் 12 பிபிஎம் வரை இமினோ முகடுகளை, அதாவது தளத்தில் பிணைந்த குவானின்களின் ஹைட்ரஜன் முகடுகளை, எண்ணுங்கள். மூன்று தள வடிவம் ஒன்றுதான் என்றால் 12 (தளத்துக்கு நான்கு). கூடுதலாக இருந்தால் கலவை. முனையில் ஓரிரு எழுத்து மாற்றினாலே விகிதம் மாறிவிடும்.