எங்கள் அழகிக்குப் பதினாறாம் நாள் படையல் போடலாமா?

நாகமலைத் தையல்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வரும் வியாழக்கிழமையோடு எங்கள் அழகி போய் 16 நாள் ஆகிறது. நாய்தான். ஆனால் வீட்டில் யாரும் அவளை 'அது' என்று சொன்னதில்லை, நானும் இங்கே அப்படி எழுதப் போவதில்லை.

2011 சித்திரைத் திருவிழாவில், எதிர்சேவை அன்று தல்லாகுளத்தில் கிடைத்தவள். ஒரு நீர்மோர்ப் பந்தலில், பானைக்கு அடியில் ஈரமணலோடு ஒட்டிக்கொண்டு கிடந்தாள். கண் திறந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. தாய் நாயைத் தேடிப் பார்த்தோம். அந்தக் கூட்டத்தில் எங்கே போய்த் தேடுவது? முந்தானையில் சுருட்டி வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன். அழகரைப் பார்க்கப் போன இடத்தில் கிடைத்ததால் அழகி என்று பெயர் வைத்தார் என் வீட்டுக்காரர். உடம்பெல்லாம் கறுப்பு, நாலு பாதமும் செவலை. இரண்டு கண்ணுக்கு மேலேயும் ஒவ்வொரு செவலைப் பொட்டு. அதைப் பார்த்ததும் என் அம்மா, "இவளுக்கு நாலு கண்ணுடி" என்றார்.

நான் வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறேன். மெஷினுக்கு அடியில்தான் அவள் இடம். பெடலுக்குப் பக்கத்தில் முதுகைக் கொடுத்துப் படுத்திருப்பாள். 2017இல் மோட்டார் மாட்டினோம், பெடலுக்கு வேலை இல்லாமல் போனது. அப்புறம் பெடல் மேலேயே படுக்க ஆரம்பித்தாள். என் இடது கால் எப்போதும் அவள் மேல்தான் இருக்கும். இப்போதும் துணியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் கால் தானாகப் போய்த் தேடுகிறது.

நான் கேட்க வந்தது இதுவல்ல. என் அம்மாவுக்கு ஆறு வருஷமாக மறதி நோய். என்னைத் தன் தங்கை என்று நினைத்துத் தங்கை பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார். அழகி பெயரை மட்டும் ஒருநாளும் மறக்கவில்லை. 2022 ஐப்பசியில் ஒரு ராத்திரி நல்ல மழை. வீட்டுக்காரர் லாரியில் ஹூப்ளிக்கு லோடு ஏற்றிப் போயிருந்தார். நாலு மணிக்கு எழுந்து பார்க்கிறேன், கதவு திறந்து கிடக்கிறது. அம்மாவும் இல்லை, அழகியும் இல்லை. பஸ் ஸ்டாப், பல்கலைக்கழக வாசல், ரோட்டோரக் கடைகள் எல்லாம் ஓடித் தேடினேன். விடியும் நேரத்தில் பால்காரர் ஒருவர்தான் சொன்னார், கீழக்குயில்குடியில் ஒரு பாட்டியும் கறுப்பு நாயும் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று. மூன்று கிலோமீட்டருக்கு மேல் இருக்கும்.

சமணர் மலை அடிவாரத்தில் அய்யனார், கருப்பசாமி கோயில் இருக்கிறதே, அங்கே ஆலமரத்தடியில் அம்மா சேலையெல்லாம் நனைந்து உட்கார்ந்திருந்தார். அழகி அம்மாவை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். எங்கே தெரியுமா? அம்மாவுக்கும் தாமரைக்குளத்துக்கும் நடுவில். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் சொன்னார்கள்: அம்மா குளத்துப் பக்கம் எழுந்து போகப் போக, இவள் குறுக்கே போய் நின்று உடம்பால் தள்ளித் தள்ளி உட்கார வைத்தாளாம். என்னைப் பார்த்ததும் அவள் ஓடி வரவில்லை. தலையைத் திருப்பிப் பார்த்தாள், ஒரு தரம் வாலை ஆட்டினாள், அவ்வளவுதான். அம்மா எழுந்து என் கையைப் பிடித்த பிறகுதான் என்னிடம் வந்து காலடியில் படுத்தாள். அப்போதுதான் பார்த்தேன், அவள் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு அவள் கண்ணில் நான் பார்த்தது என்ன என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. யாரோ ஒப்படைத்த வேலையை முடித்துவிட்டு நிற்கிற மாதிரி இருந்தது. அந்தக் கருப்பன்தான் ஒப்படைத்தான் என்று நான் முழு மனதாக நம்புகிறேன்.

இந்த மாதம் அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. எட்டு நாள் டிரிப் ஏற்றினோம், கிரியேட்டினின் இறங்கவே இல்லை. கடைசி நாள் சாயங்காலம் தள்ளாடிப் போய் அம்மா கட்டிலில் மோவாயை வைத்தாள். அம்மா தடவிக்கொடுத்து, "போயிட்டு வா ஆத்தா" என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அன்று ராத்திரி மெஷின் அடியிலேயே உயிர் போனது. கொல்லையில் வேப்பமரத்தடியில், என் பழைய சேலையில் சுற்றிப் புதைத்தோம்.

பதினாறாம் நாள் இலை போட்டுப் படைக்கலாம் என்று சொன்னேன். பெரியம்மா, "மனுசருக்குச் செய்றத நாய்க்குச் செய்யாத, குடும்பத்துக்கு ஆகாது" என்கிறார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பயந்து சொல்கிறார். வீட்டுக்காரர் என் இஷ்டம் என்று விட்டுவிட்டார். நான் செய்யலாமா? செய்தால் எப்படிச் செய்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உசிலம்பட்டி கிடைக்காரன் எழுதியது:

அக்கா, தாராளமாகச் செய்யுங்கள். எங்கள் தாத்தா காலத்திலிருந்து ஆட்டுக்கிடை போடுகிற குடும்பம். அறுவடை முடிந்த வயலில் ராத்திரி முழுக்க 200 ஆட்டுக்கு ஒரு மனுசன், இரண்டு நாய்தான் காவல். நரி வந்தாலும் ஆள் வந்தாலும் முதலில் தெரிவது நாய்க்குத்தான். கோம்பை நாய் ஒன்று இருந்தது எங்களிடம், பெயர் வீரன். அவன் செத்தபோது தாத்தா தன் தோள் துண்டை எடுத்துப் போர்த்தி, குழியில் உப்புப் போட்டு, மூன்று கைப்பிடி மண் தள்ளினார். வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்துவிட்டுத்தான் கஞ்சி குடித்தார். யாரும் அவரிடம் ஏன் என்று கேட்கவில்லை.

எங்கள் கருப்பு கோயிலில் சாமிக்குப் பக்கத்திலேயே மண்ணில் செய்த நாய் நிற்கிறது. பொங்கல் இறக்கினால் சாமிக்குப் படைத்த கையோடு ஒரு அகப்பை வெளியே இருக்கும் நாய்க்கு. அது சாப்பிட்ட பிறகுதான் நாங்கள். சாமியே பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கும்போது நாம் என்ன யோசிப்பது? பெரியம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

திருப்புவனம் வைகைக்கரை எழுதியது:

அம்மா, நான் திருப்புவனத்தில் வைகைக்கரையில் பித்ரு காரியங்கள் செய்து வைக்கிறவன். கேட்டதால் உள்ளபடி சொல்கிறேன். எள்ளும் தண்ணீரும் விடுவது, பிண்டம் வைப்பது இவையெல்லாம் கோத்திரம், பெயர் சொல்லி வம்சத்தில் போனவர்களுக்குச் செய்வது. அதை அழகிக்குச் செய்ய வேண்டாம். உங்கள் பெரியம்மா சொல்வதில் அந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் அன்னம் வைப்பதற்கும் விளக்கு ஏற்றுவதற்கும் எந்தத் தடையும் கிடையாது. அது தோஷம் இல்லை.

உங்கள் அம்மா 'நாலு கண்ணு' என்று சொன்னதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். ரிக் வேதத்தில் எமனுடைய இரண்டு நாய்களைப் பற்றி வருகிறது. சரமை என்ற தெய்வ நாயின் பிள்ளைகள். போகிறவர்களின் வழியைக் காப்பவை. அவற்றுக்கு நாலு கண் என்றுதான் வேதம் சொல்கிறது. அந்த உயிரை அந்த நாய்களிடம் ஒப்படைத்து, நல்லபடியாகக் கொண்டு சேர்க்கும்படி எமனிடமே வேண்டுகிற மந்திரம் அது. அழகி இருக்கும்போதே அந்த வேலையைச் செய்திருக்கிறாள், உங்கள் அம்மாவை வழியில் காத்து உட்கார்ந்திருக்கிறாள்.

தேய்பிறை அஷ்டமி அன்று பைரவர் சன்னதியில் ஒரு விளக்குப் போடுங்கள். நாய் அவருடைய வாகனம். நம் பக்கம் நாயையே பைரவர் என்றுதானே கூப்பிடுகிறோம்.

திருவாதவூர்த் தமிழாசிரியர் எழுதியது:

மகளே, பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியன் நான். உன் பெரியம்மாவுக்குப் படித்துக் காட்டு என்று ஒன்று சொல்கிறேன்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் தண்டராம்பட்டுப் பக்கம் எடுத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில் வெட்டிய நடுகல் இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டு. சண்டையில் இறந்த வீரனுக்கு வைத்த கல். அவன் காலடிக்குப் பின்னால் ஒரு நாயையும் செதுக்கி, அதன் பெயரையும் எழுதி வைத்திருக்கிறார்கள்: கோவிவன். இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்வெட்டு சொல்கிறது. 1,400 வருஷத்துக்கு முன்னால் தமிழன் நாய்க்குப் பெயர் சொல்லிக் கல் வைத்திருக்கிறான். கல் வைத்தவன் கும்பிடாமல் இருந்திருப்பானா? உன் ஆசையில் புதுசாக எதுவும் இல்லை.

உன் அம்மா போய் உட்கார்ந்த இடத்தை நினைத்துக்கொண்டேன். சமணர் மலை. நாலடியார் பாடியவர்கள் சமண முனிவர்கள் என்பதும், பாண்டியன் அந்த ஏடுகளை வைகையில் எறியச் சொன்னான் என்பதும் மதுரையில் வழிவழியாக வரும் கதை. அந்த நாலடியாரில்தான் இருக்கிறது: யானை பழகிய பாகனையே கொல்லும், எறிந்த வேல் உடம்பில் இருக்கும்போதே நாய் வாலைக் குழைக்கும், ஆகவே நாய் போன்றவர்களின் நட்பைத் தேடிக்கொள் என்று. எங்கள் ஊரில் பிறந்த மாணிக்கவாசகர் இறைவன் முன்னால் தன்னை நாய் என்றுதான் சொல்லிக்கொள்கிறார். தாழ்வு சொல்லத்தான் அப்படிச் சொன்னார். ஆனால் வாசலை விட்டு நகராமல் கிடப்பதற்கு அவருக்கு வேறு எந்த உவமை கிடைத்திருக்கும் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன்.

எனக்கு மிகவும் நெருக்கமானது பத்திரகிரியார் கதை. அரசைத் துறந்து பட்டினத்தாரோடு திருவிடைமருதூருக்கு வந்தவர். பிச்சை எடுக்க ஒரு ஓடு, கூடவே ஒட்டிக்கொண்ட ஒரு நாய், அவ்வளவுதான் சொத்து. பட்டினத்தாரிடம் ஒருவன் பிச்சை கேட்க, நான் துறவி, மறுபக்கத்து வாசலில் ஒரு சம்சாரி இருக்கிறான், அவனிடம் போ என்றாராம். அதைக் கேட்டு மனம் நொந்த பத்திரகிரியார் ஓட்டை வீசி எறிய, அது நாய் மேல் பட்டு நாய் இறந்தது. அந்த நாய் காசி ராஜாவின் மகளாகப் பிறந்து, அவரைத் தேடி அங்கேயே வந்தது என்று கதை போகிறது. பற்றை விடச் சொல்லும் கதை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நான் வேறு மாதிரி படிக்கிறேன். நாய் கூட இருந்தால் அவன் குடும்பஸ்தன் என்று பட்டினத்தார் வாயாலேயே வந்துவிட்டது. நாயைக் குடும்பத்தில் சேர்த்தவர் அவர்தான். அப்புறம் என்ன, உன் வீட்டு ஆளுக்கு நீ இலை போடுகிறாய்.

கால்நடைத் தம்பி எழுதியது:

அக்கா, நான் கால்நடை மருந்தகத்தில் உதவியாளராக இருக்கிறேன். தினமும் யாராவது ஒருவர் நாயைத் தூக்கிக்கொண்டு அழுதபடி வருவார்கள், அதனால் உங்கள் பதிவைப் படித்து முடிக்க நேரமானது.

நீங்கள் அந்தக் கண்ணைப் பற்றி எழுதியிருந்தீர்கள். 2015இல் ஜப்பானில் அசாபு பல்கலைக்கழகத்தில் ஒரு ஆராய்ச்சி செய்தார்கள். நாயும் வளர்ப்பவரும் கண்ணோடு கண் பார்த்துக்கொண்டிருந்தால் இரண்டு பேருக்குமே ஆக்சிடோசின் கூடுகிறது. தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் பாசத்தை வளர்க்கிற அதே சுரப்பு. மனிதர்கள் கையில் வளர்ந்த ஓநாய்களிடம் இது நடக்கவில்லை. இதனால் கருப்பன் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. நீங்கள் பார்த்தது கற்பனை இல்லை, இரண்டு உடம்பிலும் நடந்தது என்று சொல்லத்தான் எழுதினேன்.

படையலைத் தெருநாய்களுக்குத்தான் வைப்பீர்கள். சாதத்தில் வெங்காயம் பூண்டு வேண்டாம், நாய்க்கு ஆகாது. வேகவைத்த கோழி எலும்பும் வேண்டாம், சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். தயிர் சாதம், அவித்த முட்டை போதும். தனித்தனி இலையில் தள்ளித் தள்ளி வையுங்கள், ஒரே இலையில் வைத்தால் சண்டை வரும். அம்மாவைப் பக்கத்தில் விடாதீர்கள்.

நாகமலைத் தையல்காரி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வாத்தியார் அய்யா எழுதியதைப் பெரியம்மாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். நாலு கண் விஷயத்தைப் படித்தபோது என்னால் முடியவில்லை, வீட்டுக்காரர்தான் மீதியைப் படித்தார்.

வியாழக்கிழமை காலை கொல்லையில் வேப்பமரத்தடியில் ஒரு அகல் ஏற்றினேன். எள், பிண்டம் எதுவும் இல்லை. அப்புறம் தயிர் சாதமும் ஆறு முட்டையும் எடுத்துக்கொண்டு கீழக்குயில்குடிக்குப் போனோம். ஆலமரத்துக்குத் தள்ளி ஐந்து இலை போட்டோம். நாலு நாய் உடனே வந்து சாப்பிட்டன. ஐந்தாவது இலை கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தது. கோயில் மதில் ஓரமாக ஒரு கிழட்டு நாய், ஒரு கால் ஊனம், வர பயந்து நின்றது. பெரியம்மா வருவேன் என்று சொல்லவில்லை, வராமலும் இல்லை, ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்தார். அவர்தான் இறங்கி வந்து, அந்த இலையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய் அதன் முன்னால் வைத்துவிட்டு, "சாப்பிடு சாமி" என்றார். தேய்பிறை அஷ்டமிக்குப் பைரவருக்கு விளக்குப் போட நானும் வருகிறேன் என்று வரும் வழியில் அவராகவே சொன்னார்.

அம்மா தினமும் சாயங்காலம் "அழகி எங்க?" என்று கேட்கிறார். முதல் வாரம் பதில் சொல்ல முடியாமல் எழுந்து போய்விடுவேன். இப்போது, "கருப்பன் கோயிலுக்குப் போயிருக்கா" என்கிறேன். "மழை வரும், சீக்கிரம் வரச் சொல்லு" என்று சொல்லிவிட்டு, சாப்பிடுகிற இட்லியில் பாதியைப் பிட்டுக் கட்டிலுக்கு அடியில் வைக்கிறார். காலையில் அதை எடுத்து வேப்பமரத்தடியில் வைத்துவிட்டுத்தான் மெஷினில் உட்காருகிறேன்.